கையால் திறந்த பாம்பன் பாலம்

கப்பல் செல்லும் கால்வாயின் குறுக்கே தாழ்வான பாலம் அமைத்தால் கலங்களின் பாய்மரமும் புகைபோக்கியும் தடைபடும். உயரமாக அமைத்தாலோ, இரயில் ஏறி இறங்க இருபுறமும் நெடுந்தொலைவு சரிவுப் பாதை வேண்டும். இவ்விரு இடர்களையும் தவிர்க்கப் பொறியாளர்கள் கண்ட வழியே அசையும் பாலமாகும்.

இவ்வகையுள் எளியது சுழல் பாலம். கால்வாயின் நடுவிலோ கரையிலோ உள்ள தூணின்மீது அமர்ந்து, கதவு திரும்புவதுபோல் இது பக்கவாட்டில் திரும்பும். தூணின் இருபுறமும் எடை சமமாக இருப்பின், திருப்புபவர் உராய்வை மட்டும் வென்றால் போதும். இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் ஒருவரே கையால் தள்ளித் திறக்கும் சுழல் பாலங்கள் பல உண்டு. ஆயினும் நடுவில் தூண் நின்றால் கப்பல் வழி குறுகிவிடும்.

இராமேசுவரம் தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் பாம்பன் கால்வாய், 19ஆம் நூற்றாண்டில் பாறைகளை உடைத்து ஆழமாக்கப்பட்ட நீர்வழியாகும். இதன்மீது ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு இரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் மக்கள் சென்றனர். இப்பாலத்தில் கப்பல் வழிக்கு மேலே அமைந்த பகுதியைச் சிகாகோ நகரப் பொறியாளர் வில்லியம் ஷெர்சரின் முறைப்படி அமைத்தனர்.

அப்பகுதி இரு பாதிகளால் ஆனது. ஒவ்வொன்றின் எடையும் ஏறத்தாழ 415 டன். இத்தகைய பளுவை மனிதர் சிலர் கையால் தூக்கியது எங்ஙனம்?

கிணற்றுத் துலாவை எண்ணிப் பார்க்கலாம். அதன் பின்முனையில் கட்டிய கல், முன்முனையில் தொங்கும் நீர்ச்சாலின் எடையைத் தாங்குகிறது. இறைப்பவர் சிறிதளவே வலிமை செலவிடுகிறார். ஷெர்சர் பாலத்திலும் பின்புறம் எதிர்ப்பளு உண்டு. மேலும், அதன் அடிப்பகுதி சக்கரத்தின் துண்டைப்போல் வளைந்து, கிடையான தடத்தின்மீது பின்னோக்கி உருளும். மொத்த எடையின் ஈர்ப்பு மையம் அவ்வளைவின் வட்ட மையத்திலேயே அமையுமாறு எதிர்ப்பளு கணக்கிடப்படுகிறது. உருளும் சக்கரத்தின் மையம் மேலேறுவதும் இல்லை, கீழிறங்குவதும் இல்லை. ஆதலின் பாலத்தின் முனை வானை நோக்கி எழுந்தாலும், அதன் எடை முழுவதும் உயர்த்தப்படுவதில்லை. எஞ்சியவை உராய்வும் காற்றும் மட்டுமே.

அவற்றை வெல்லப் பற்சக்கரங்கள் உதவின. தொழிலாளர் நெம்புகோல்களைப் பலமுறை சுற்றும்போது பாலம் சிறிதே நகரும். விசையைப் பெருக்கினால் தொலைவும் நேரமும் கூடும் என்பது இயந்திரவியலின் விதி.

எனினும் சமநிலை எடையைத்தான் வெல்லும், புயலை வெல்லாது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்நகரை நெருங்கிய பயணி இரயிலைப் பேரலை அடித்துச் சென்றது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும்பான்மை கடலில் விழுந்தன. ஷெர்சர் பகுதி நிலைத்து நின்றது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில், கடலிலிருந்து பல தூலங்கள் மீட்கப்பட்டு, 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. பிற்காலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி பொருத்தப்பட்டது. வேகம் வரம்பை மீறினால் இரயில்கள் நிறுத்தப்பட்டன.

இரும்பின் அரிப்பும் முதுமையும் பெருகியமையால், 2022 டிசம்பரில் அப்பாலத்தில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அருகில் எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, மின்பொறிகளின் துணையால் 17 மீட்டர் வரை செங்குத்தாக உயர்கிறது. அங்கும் எதிர்ப்பளுக்களே எடையைத் தாங்குகின்றன. மனிதர் கை செய்த பணியை மின்பொறி ஏற்றுக்கொண்டது. துலாவின் தத்துவம் மாறவில்லை.