கருஞ்சாம்பல் கலர் சுவர்: அடிக்கும் முன் ஒரு கணக்கு



எங்கள் குழுவில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர், குழுவில் உள்கடன் வாங்கி முன் அறைக்குப் பெயிண்ட் அடித்தார். டி.வி. தொடரில் பார்த்த மாதிரியே நாலு சுவரும் கருஞ்சாம்பல் கலர். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்துப் போனால், பட்டப்பகலில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு தைக்கிறார். "கறுப்புத் துணின்னா தையலே தெரியலை. பிள்ளையும் திண்ணையிலதான் உட்கார்ந்து படிக்குது" என்றார். தவறு கலரில் இல்லை, அடித்த இடத்தில்தான்.

ஏன் இருட்டாகிறது?

சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், தன் மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் அறைக்குள்ளேயே திருப்பிவிடும். கருஞ்சாம்பல் சுவர் பத்தில் ஒரு பங்கு அளவுதான் திருப்பும். மீதியை அதுவே விழுங்கிவிடும். ஒரே ஒரு சின்ன ஜன்னல் உள்ள அறையில் நாலு சுவரும் விழுங்கினால் நமக்கு என்ன மிஞ்சும்?

எங்கே அடிக்கலாம்?

* ஏதாவது ஒரு சுவரில் மட்டும். டி.வி. வைத்த சுவர் என்றால் பொருத்தம்.
* சுவரின் அடியில் 3 அடி உயரத்துக்குப் பட்டையாக. கை, கால் அழுக்கு பளிச்சென்று தெரியாது.

எங்கே வேண்டாம்?

* ஜன்னலுக்கு எதிர்ச்சுவர். வெளிச்சத்தைத் திருப்பித் தருவதே அதுதான்.
* மேல்தளத்தின் உட்பக்கம். அறை தாழ்ந்த மாதிரி தெரியும்.
* மேற்கு வெயில் படும் வெளிச்சுவரும் மொட்டை மாடியும். அடர்ந்த கலர் சூட்டை இழுக்கும். ராத்திரியிலும் வீடு புழுங்கும்.

எவ்வளவு வாங்கணும்?

1 லிட்டர் எமல்ஷன், இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 சதுர அடி வரும். 10 அடி நீளம், 9 அடி உயரம் உள்ள ஒரு சுவர் 90 சதுர அடி. 2 லிட்டர் போதும். நாலு சுவர் என்றால் 6, 7 லிட்டர் ஆகிவிடும். பிடிக்கவில்லை என்று மறுபடி வெள்ளை அடித்தால், கறுப்பு மறைய பிரைமரும் கூடுதல் கோட்டும் தேவை. அதனால் முதலில் சின்ன டப்பா வாங்கி ஒரு பெரிய அட்டையில் அடியுங்கள். சுவரில் சாய்த்து வைத்து, காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என மூன்று வேளையும் பாருங்கள்.

அடிக்கும் முன்

1. சுவரைக் கையால் தேயுங்கள். மாவு மாதிரி ஒட்டினால் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்கணும். இல்லாவிட்டால் பெயிண்ட் உரியும்.
2. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர் கோத்திருந்தால் ஓதம் இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கறுப்புச் சுவரில் உப்பு பூத்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.
3. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நனைத்துத்தான் உப்புத்தாள் போடணும். தூசி, செதில் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.
4. 2017 நவம்பர் 1 முதல் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். டப்பாவில் அது அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள்.

அக்கா என்ன செய்தார்?

டி.வி. சுவரை அப்படியே விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் வெள்ளை அடித்தார். தையல் மிஷினை ஜன்னல் ஓரம் நகர்த்தினார். இப்போது பகலில் லைட் போடுவதில்லை. பிள்ளையும் உள்ளே உட்கார்ந்து படிக்கிறது. ஆனால் இரண்டாம் முறை அடித்த செலவு, அவருடைய ஒரு மாதத் தையல் கூலி.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* உங்கள் வீட்டில் பகலிலும் லைட் எரியும் அறை எது? ஏன்?
* அந்த அறையில் யார், என்ன வேலை செய்கிறார்கள்?
* வீட்டு வேலைக்குக் கடன் கேட்கும் உறுப்பினரிடம் குழு என்னென்ன கேட்க வேண்டும்?