அநியாயத்தை முறையிட ஓர் ஊர்: கோலார் தங்கவயலுக்குப் போகிறவர்களுக்கு

பங்காளி நிலத்தை வளைத்துக்கொண்டான். நம்பிக் கூட்டுச் சேர்ந்தவர் கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். செய்யாத குற்றத்துக்குப் பழி வந்து விழுந்தது. இப்படி நெஞ்சில் ஒரு வழக்கோடு கிளம்பும் நம்மவர்கள் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். இல்லையென்றால் விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டுவார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் என்னைக் கேட்டால், ஒருமுறையாவது கோலார் தங்கவயல் பக்கம் போய் வாருங்கள் என்பேன். அங்கே ஊரே ஒரு முறையீட்டோடு வாழ்கிறது. உங்கள் குறையைச் சொன்னால் யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெரும்பாலும் தலித் குடும்பங்கள் பிழைப்புத் தேடி வந்தன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தார்கள். பாறை வெடித்துச் சிதறுவதை அவர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். அதில் போனவர்கள் போக, தூசியைச் சுவாசித்து நுரையீரல் கல்லாகிப் போனவர்கள் பலர். ஆள் பதிவு என்று கைரேகை கேட்டபோது 1930இல் வேலைநிறுத்தம் செய்து மறுத்தார்கள். கடைசியில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். நிலுவைப் பணத்துக்கும் குடியிருந்த வீட்டுக்கும் கோர்ட்டு வாசலில் காத்திருந்தே தலை நரைத்தவர்களை இன்றும் அங்கே டீக்கடையில் பார்க்கலாம். பேச்சுக் கொடுங்கள். சுற்றிப் பார்க்கும் இடங்களுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

வழி எளிது. பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிகுப்பம் கிளை ரயிலைப் பிடியுங்கள். ஊர்காம், சாம்பியன் என்று வரிசையாக நிலையங்கள் வரும். பெங்களூரிலிருந்து நேர் ரயிலும் உண்டு, சுமார் 100 கிலோமீட்டர். காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய்வரும் கூட்டத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது, நடுப்பகலில் ஏறுங்கள். தங்குவதற்கு ராபர்ட்சன்பேட்டை. செலவு அதிகம் ஆகாது.

முதல் நாளைக் கோலாரம்மாவுக்கு முழுசாகக் கொடுங்கள். கோயில் தங்கவயலில் இல்லை, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி கோலார் நகரில் இருக்கிறது. பஸ் அடிக்கடி உண்டு. நான் பார்த்த அம்மன் கோயில்களில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சுவரெல்லாம் தமிழ்க் கல்வெட்டு. கோலாரின் பழைய பெயர் குவளாலம். சோழர்கள் இந்தப் பகுதியை நிகரிலி சோழ மண்டலம் என்றார்கள். அம்மனைக் கல்வெட்டு பிடாரியார் என்கிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் செங்கல்லை மாற்றிக் கல்லால் கட்டிய கோயில் இது. நம் ஊர் எல்லையில் நிற்கிற அதே பிடாரி, ஆயிரம் வருஷமாக இங்கே வழக்குக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் உக்கிரம் தாங்காது என்று நேருக்கு நேர் பார்ப்பதில்லை. கண்ணாடியில் தெரியும் முகத்தைத்தான் கும்பிட வேண்டும். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது அம்மன் முகத்துக்குப் பக்கத்தில் உங்கள் முகமும் தெரிந்தாலும் தெரியும். எதிராளியைப் பற்றி மனசில் கட்டி வைத்திருந்த பொய்க் கணக்கெல்லாம் அங்கே நிற்காது, உண்மை மட்டும்தான் வாயில் வரும்.

உள்ளேயே சேளம்மா இருக்கிறாள். தேள் தெய்வம். தேள்கடி விஷம் ஏறாமல் காப்பவள் என்பது நம்பிக்கை. தரையில் தோண்டிய பழைய உண்டியலில் காணிக்கை போடுகிறார்கள். துரோகத்துக்கு ஆளானவர்கள் இவளைத் தாண்டிப் போகாதீர்கள். கெடுத்தவனைத் தண்டி என்று பிடாரியிடம் சொல்லுங்கள். எனக்குள் விஷம் ஏறவிடாதே என்று இவளிடம் கேளுங்கள். இரண்டும் கேட்டால்தான் வேண்டுதல் முழுசாகும் என்பது என் எண்ணம்.

ஒரு எச்சரிக்கை. எந்தக் கோயில் என்று சொல்ல விரும்பவில்லை, நான் போன பயணத்தில் ஒரு வாசலில் ஒருவர் குறுக்கே வந்தார். "எதிரி பேர் என்ன, நட்சத்திரம் என்ன, ஏழே நாள்ல படுக்க வைக்கலாம்" என்று ஆரம்பித்தார். நான் நகர்ந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த ஒரு அம்மாவைப் பிடித்துக்கொண்டார். மகன் வேலைக்கென்று ஏஜெண்டிடம் கட்டிய பணம் போய்விட்டதாம். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்து வைத்திருந்த நோட்டுகளை எண்ணிக் கொடுத்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு பதறுகிறது. ஏமாந்து வந்தவளை இன்னொரு முறை ஏமாற்றுகிறான்! அதுவும் சாமி வாசலில்! "வேண்டாம்மா, நீங்களே போய்ச் சொல்லுங்க" என்று நான் சொன்னதற்கு அவன் என்னை அடிக்கவே வந்துவிட்டான். தெய்வத்திடம் முறையிடத் தரகன் எதற்கு? எதிரி பெயரைக் கேட்டு யார் வந்தாலும் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

அடுத்த நாள் சாம்பியன் ரீஃப் வெற்றி மாதா கோயில். சுரங்கத்துக்கு இறங்கிய ஆண்களுக்காகப் பெண்கள் மண்டியிட்ட இடம். தமிழ்ப் பூசைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், எந்த மதமானாலும். என் வழக்கை நீரே வாதாடும் என்று தாவீது இறைவனிடம் கேட்கும் 35ஆம் சங்கீதத்தையும், அநீதியுள்ள நீதிபதியை விடாமல் நச்சரித்து நியாயம் வாங்கிய விதவையின் கதையையும் (லூக்கா 18) முன்கூட்டியே படித்துவிட்டுப் போனால், அங்கே அழுகிற பெண்களின் ஜெபம் உங்களுக்கு விளங்கும்.

சாமியே வேண்டாம் என்றவர்களும் இந்த ஊரில் உண்டு. அயோத்திதாசர் வழியில் பௌத்தம் தழுவிய தொழிலாளர்களின் சங்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. அந்த வழியில் வந்த அப்பாதுரையார் 1926 முதல் 'தமிழன்' இதழை இங்கிருந்துதான் நடத்தினார். அநியாயத்தைக் கண்டால் எழுது, கூடிப் பேசு என்பது அவர்கள் வழி. மாரிகுப்பத்தில் நடக்கும்போது பெரியவர்களிடம் இதைக் கேளுங்கள், முகம் மலர்ந்து சொல்வார்கள்.

கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலில் 108 அடி லிங்கம் பிரமாண்டம்தான். ஆனால் விடுமுறை நாளில் போகாதீர்கள். செல்ஃபிக் கூட்டத்தில் மனம் விட்டு ஒரு வார்த்தை பேச முடியாது. சுரங்கக் கழிவு குவிந்த சைனைட் மேட்டில் ஏறுவதும் வேண்டாம். சினிமாவில் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் அங்கே நின்று ஆடுகிறார்கள். காற்றடித்தால் அந்தத் தூசிதான் ஊர் மக்களின் நெஞ்சில் இறங்குகிறது. மூடிய சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

திரும்பும்போது பங்காருப்பேட்டையில் பானிபூரி சாப்பிடாமல் ரயில் ஏறாதீர்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், காரம் மட்டும் உச்சிக்கு ஏறும்.

வழக்குக் கட்டோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அசல் பத்திரத்தை ரயிலில் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பிடாரி சன்னதியில் வைத்துக் கும்பிட நகல் போதும். அசல் வக்கீலிடமே இருக்கட்டும். வாய்தா நாளைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.