சம்பாவை நாமே கம்பைல் செய்யலாமா?

கேள்வி: எங்கள் ஆஃப்செட் அச்சகத்தில் டெபியன் 12 ஓடும் சர்வர் ஒன்று இருக்கிறது. டிசைனர்கள் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் செய்யும் காலண்டர் ஃபைல்கள் எல்லாம் ஃபைல் பகிரும் மென்பொருளான சம்பா வழியாக அதில்தான் சேருகின்றன. டெபியன் தந்திருப்பது சம்பா 4.17. இதைவிடப் புதியதன் சோர்ஸை இறக்கி நாமே கம்பைல் செய்தால் வேகமும் பாதுகாப்பும் கூடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
- வாசகர், சிவகாசி

பதில்: வேண்டாம். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியானதிலிருந்து டிசம்பர் வரை ஆர்டர் குவியும் ஊரில், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கை வைக்கத் தக்க காரணம் வேண்டும். வேகம் அந்தக் காரணமில்லை. பெரிய ஃபைல் மெதுவாகத் திறந்தால் ஹார்ட் டிஸ்க்கையும் நெட்வொர்க் கேபிளையும் ஸ்விட்சையும் முதலில் பாருங்கள். கம்பைல் செய்வதால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் எதுவும் வராது.

பாதுகாப்பு விஷயத்தில் உங்கள் நண்பரை ஏமாற்றுவது பதிப்பு எண். 2017 மே மாதம் சம்பாவில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. 3.5 முதல் வந்த எல்லாப் பதிப்புகளிலும் அது இருந்தது. சம்பா குழு அதை அடைத்து 4.6.4-ஐ வெளியிட்டது. டெபியனோ, அப்போது தன்னிடம் இருந்த 4.2-க்குள்ளேயே திருத்தத்தைப் பொருத்திக் கொடுத்தது. எண் பழையதாகவே நின்றது, ஓட்டை அடைபட்டது. பேக்கேஜாகப் போட்டிருந்தவர்களுக்கு வழக்கமான அப்டேட்டே போதுமானதாயிற்று. சோர்ஸிலிருந்து போட்டவர்கள் செய்தியைத் தாங்களே கவனித்து, மறுபடி இறக்கி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு இனி உங்களுடையதா? ஆர்டர் நெருக்கடியில் யார் பார்ப்பார்கள்?

சோர்ஸ் என்றாலே நம்பகமானது என்பதும் சரியில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்திருந்தது அம்பலமானது. அதை இயக்கிவிடும் வரி பொதுவில் இருந்த கிட் களஞ்சியத்தில் இல்லை, இறக்கிக்கொள்ளத் தந்த சோர்ஸ் கட்டில் இருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், அந்தப் பின்வாசலால் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைத் துருவி அதைக் கண்டுபிடித்தார். பழைய பதிப்பை வைத்திருந்த டெபியன் ஸ்டேபிள் அதில் சிக்கவேயில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. நீங்களே போடும் சம்பா, வேறு இடம் சொல்லாவிட்டால், யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் தனி டைரக்டரியில் போய் உட்காரும். தன் செட்டிங் ஃபைலையும் அங்கேயேதான் தேடும். டெபியனின் சம்பாவோ இடிசி டைரக்டரியில் இருப்பதைப் படிக்கும். நீங்கள் ஒன்றைத் திருத்த, ஓடுவது இன்னொன்றாக இருக்கும். ஷேர் ஏன் தெரியவில்லை என்று ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

சம்பாவின் கோடையே மாற்ற வேண்டும், அல்லது பேக்கேஜில் சேர்க்காத வசதி ஒன்று கட்டாயம் தேவை என்றால் மட்டும் சோர்ஸைத் தொடுங்கள். அப்போதும் டெபியன் தரும் சோர்ஸை எடுத்து டெப் பேக்கேஜாகவே கட்டி, வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பிடிக்காவிட்டால் சுத்தமாக நீக்க முடியும்.

புதிய பதிப்புதான் வேண்டுமென்றால் சீசன் முடிந்து, தை மாதத்தில் டெபியன் 13-க்கு மாறுங்கள். அதிலேயே சம்பா 4.22 வருகிறது. அதற்கு முன் டிசைன் ஃபைல்களையும் சம்பா செட்டிங் ஃபைலையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.