கிற்றாரின் தாங்குகட்டையைச் சூடுகாட்டிக் கழற்றுதல்

தகரக் கூரையின் கீழ் நெடுநாள் தொங்கும் கிற்றார்களில் ஒரு பழுதை அடிக்கடி காண்கிறோம். தந்திகள் வந்து முடியும் தாங்குகட்டை, அதாவது பிறிட்ஜ், பின்பக்கத்தில் மெல்லக் கிளம்பி நிற்கும். அந்த இடுக்கில் கடதாசித் துண்டொன்று தாராளமாக நுழையும். இதைக் கண்டதும் சிலர் கையில் கிடைத்த பசையை இடுக்கில் ஊற்றுவர். வேறு சிலர் உளியால் நெம்புவர். இரண்டுமே கிற்றாரைக் கெடுக்கும்.

ஆறு உருக்குத் தந்திகளையும் சுருதிக்கு முறுக்கினால் மொத்த இழுவை ஏறக்குறைய 70 கிலோ வரும். ஒரு நெல்மூட்டையின் பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தாங்குவது சுமார் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள மேற்பலகையும் அதில் பூசிய பசையுமே. வெள்ளை, மஞ்சள் மரப்பசைகள் 65 பாகை செல்சியஸை நெருங்கும்போது வலிமை குன்றி இளகும். தச்சர்கள் காய்ச்சும் வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். ஆகவே கட்டையைப் பிடுங்கத் தேவையில்லை. பசையை இளக்கினால் போதும். எப்பொக்சியால் ஒட்டியிருந்தால் மட்டும் இம்முறை இலகுவில் பலிக்காது.

முதலில் தந்திகள், முளைகள், தந்தி அமரும் வெள்ளைத் துண்டு எல்லாவற்றையும் அகற்றுங்கள். பிளாஸ்ரிக் உருகிவிடும். பிறகு சிறு கண்ணாடியும் ரோச் லைற்றும் கொண்டு உட்புறத்தைப் பாருங்கள். மலிவான கிற்றார்கள் பலவற்றில் பசையோடு ஆணியும் நட்டும் இருக்கும். அதன் தலை மேலே சிப்பிப் பொட்டின் அடியில் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றாமல் எவ்வளவு சூடு காட்டினாலும் பயனில்லை.

தடித்த அட்டையில் கட்டையின் அளவுக்குத் துவாரம் வெட்டி, அலுமினியத் தாள் சுற்றி, மேற்பலகையை மூடுங்கள். வார்னிஷ் பொங்கினால் திரும்பச் சீராக்குவது பெரும் வேலை. இனி இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் கட்டையின்மேல் வையுங்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் சிரட்டைக்கரிப் பெட்டியும் உதவும். ஆனால் முதலில் வெள்ளைக் கடதாசியில் வைத்துப் பாருங்கள். கடதாசி பழுப்பேறினால் ஆறவிடுங்கள். தீப்பொறியிலும் ஒரு கண் இருக்கட்டும்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெட்டியை எடுத்து, மெல்லிய மழுங்கிய கத்தியொன்றைச் சூடாக்கி, ஏற்கெனவே கிளம்பிய மூலையில் நுழையுங்கள். வழிவிட்டால் மாத்திரம் முன்னேறுங்கள். இறுகினால் மீண்டும் சூடு. இங்கேதான் பொறுமை வேண்டும். கால் மணியோ அரை மணியோ செல்லலாம், அவசரக்காரர் இதைத் தொடாதிருப்பது நல்லது. மேற்பலகையின் நார் கத்தியோடு எழும்பத் தொடங்கினால் உடனே நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். மரத்தின் நார் ஒரு திசையில் கிழியும், மறுதிசையில் படியும். விறகு பிளந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கட்டை கழன்றதும் இரு முகங்களிலும் பழைய பசையை முற்றாகச் சுரண்டுங்கள். பழைய பசையின்மேல் புதியது பிடிக்காது. கிழிந்த நார் இருந்தால் எறியாமல் அதே இடத்தில் ஒட்டுங்கள். பிறகு நல்ல மரப்பசை மெல்லியதாகப் பூசி, உட்புறத்தில் பலகைத் துண்டொன்றை முட்டுக்கொடுத்து, கிளாம்பினால் இறுக்கி, வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் முழுவதும் கழிந்த பின்னரே தந்தி பூட்டலாம். அதன்பின் தொங்கவிடும் இடத்தைத் தகரத்திலிருந்து மாற்றி, நிழலான உட்சுவருக்குக் கொண்டுவாருங்கள்.