கைக்கு வரும் ராபின்

இங்கிலாந்தில் தோட்டத்து மண்ணைக் கிளறத் தொடங்கினால் போதும், எங்கிருந்தோ ஒரு ராபின் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும். சிவந்த மார்பும் ஏறக்குறைய இருபது கிராம் எடையும் கொண்ட சின்னப் பறவை. காட்டுப் பன்றிகள் கிண்டிப் போட்ட மண்ணில் புழு பொறுக்க அவற்றின் பின்னாலேயே போவது இந்த இனத்தின் பழைய வழக்கம். மண்வெட்டி பிடித்தவரையும் அது அப்படித்தான் பார்க்கிறது. ஆகவே அதன் நட்பைத் தேடுபவர் முதலில் தோட்ட வேலையைச் செய்ய வேண்டும். கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பது பிறகு.

தொடங்க நல்ல காலம் டிசம்பர், ஜனவரி. பகல் எட்டு மணி நேரந்தான். நீண்ட குளிர் இரவில் உடம்புக் கொழுப்பைச் செலவழித்த பறவை விடிந்ததும் பசியோடு வரும். ரொட்டித் துண்டில் அதற்குச் சத்தில்லை. பறவைத் தீனிக் கடைகளில் விற்கும் மீல்வோர்ம் புழுதான் வேண்டும். உயிருள்ளது கிடைத்தால் மேல். உலர்ந்ததை நீரில் ஊறவைத்துக் கொடுக்கிறேன்.

கைக்குப் பழக்கும் முறையை நான் எட்வர்ட் கிரேயிடம் கற்றேன். 1905 முதல் 1916 வரை பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் அவர். 1927இல் வந்த 'தி சார்ம் ஆஃப் பேர்ட்ஸ்' நூலில் இதை விளக்கியிருக்கிறார். முதலில் புழுவைத் தரையில் போட வேண்டும். பழகியதும் ஒரு சின்னத் தகர டப்பாவில் வைக்கலாம். அடுத்து முழங்காலிட்டு, புறங்கையைத் தரையில் பதித்து, விரித்த உள்ளங்கையில் அந்த டப்பாவை வைத்துக்கொள்ள வேண்டும். கடினமான கட்டம் இதுதான். பறவை கிட்டே வரும், திரும்பும், மறுபடி வரும். அப்போது விரல் அசையக் கூடாது. அதன் கண்ணையே உற்றுப் பார்க்கவும் கூடாது. நான் பார்வையைச் செடிப்பக்கம் திருப்பிக்கொள்வேன். விரல்மேல் அந்த மெல்லிய நகங்கள் முதன்முறை பட்டபோது மூச்சு விடவும் பயந்தேன். ஒருமுறை துணிந்துவிட்டால் அப்புறம் டப்பாவே தேவையில்லை.

வருவது ஒரே பறவைதானா என்று நண்பர்கள் கேட்பார்கள். குளிர்காலத்தில் பெரும்பாலும் ஒன்றேதான். ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலிருக்கும். இரண்டுமே தனித்தனி எல்லை வகுத்துக்கொண்டு, பாடியே அதைக் காக்கும். டெவன் பகுதியின் டார்டிங்டனில் ஆசிரியராக இருந்த டேவிட் லாக், ராபின்களின் காலில் வண்ண வளையமிட்டு இவற்றையெல்லாம் விரிவாக ஆராய்ந்தார். வெறும் சிவப்பு இறகுக் கற்றையைக் கட்டி வைத்தாலும் சில ராபின்கள் அதை எதிரியாக எண்ணி மிரட்டுவதை அவர் பார்த்தார். அதனால் தீனி வைக்கும் இடத்தை நான் மாற்றுவதில்லை. இரண்டு ராபின்கள் சண்டையிடும் வேலியோரம் வைப்பதே இல்லை. பூனை பதுங்கும் புதர் ஒட்டியும் வேண்டாம். ஆனால் பறந்து ஏற ஒரு கிளை அருகில் இருக்க வேண்டும்.

வசந்தத்தில் அது புழுவைத் தின்னாமல் அலகில் சேர்த்துக்கொண்டு பறந்தால் குஞ்சுகள் இருக்கின்றன என்று பொருள். எங்கே போகிறது என்று பின்தொடராதீர்கள். கூடு கட்டும்போது தொந்தரவு செய்தால் ராபின் கூட்டையே கைவிட்டுவிடும். கூடு இருக்கக்கூடிய, சுவரில் படர்ந்த ஐவிக் கொடியை அந்த மாதங்களில் வெட்டாமல் விடுவது நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. பழுப்பில் புள்ளியிட்டு, சிவப்பே இல்லாத குஞ்சுகள் பின்னர் தானாகவே வெளியே வரும்.

கோடையின் பிற்பகுதியில் ராபின் இறகு உதிர்க்கும். பாட்டும் நின்று, ஆளும் கண்ணில் படாது. கவலை வேண்டாம். இலையுதிர் காலத்தில் பாட்டு மீண்டும் கேட்கும். பாடுவது பழைய பறவையாகவும் இருக்கலாம், புதியதாகவும் இருக்கலாம். பெரும்பாலான ராபின்கள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை என்பதை ஏற்க எனக்கு இன்னும் மனம் வருவதில்லை. கையைக் கண்டதும் அது ஒதுங்கினால், தரையில் ஒரு புழுவைப் போட்டுவிட்டு நான் தள்ளி நின்றுகொள்கிறேன்.