முழுத் திறனும் புலப்படும் டிரம்பெட் தனியிசையைத் தேர்ந்தெடுக்கும் முறை

சென்னையின் மேற்குப் புறநகரில் டிரம்பெட் வாசிப்போர் பெரும்பாலும் மூன்று வழிகளில் அக்கருவியை வந்தடைகின்றனர். ஆவடியிலுள்ள தமிழ்நாடு சிறப்புக் காவல் படையணிகளின் சூழலில் வளர்ந்து பியூகிள் வழியாக வந்தவர் ஒரு வகையினர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தேவாலயங்களில் ஞானப்பாட்டுகளுக்கு வாசித்துப் பழகியவர் மற்றொரு வகையினர். திருமண ஊர்வலங்களில் பேண்டு செட்டோடு நடந்தபடியே திரைப்பாடல் வாசித்துக் கைதேர்ந்தவர் மூன்றாம் வகையினர். இம்மூன்று வழிகளும் ஒவ்வொரு திறனை ஆழமாகப் பதிய வைத்து, வேறு சிலவற்றைத் தொடாமலே விட்டுவிடுகின்றன. ஆகவே தேர்வுக்கோ போட்டிக்கோ தனியிசை ஒன்றைத் தேடுபவர், எந்த உருப்படி கடினமானது என்று கேட்பதற்கு முன், தாம் வந்த வழி தமக்கு எதைக் கற்றுத்தரவில்லை என்று கேட்டுக்கொள்வதே சரியான தொடக்கமாகும்.

பியூகிளுக்கு வால்வுகள் கிடையா. உதட்டின் இறுக்கத்தையும் காற்றின் வேகத்தையும் மாற்றுவதன் மூலம், குழாயின் நீளம் இயல்பாக அளிக்கும் சில சுரங்களை மட்டுமே அதில் எழுப்ப முடியும். ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று காவலர் வீரவணக்க நாளில் லாஸ்ட் போஸ்ட் என்னும் அஞ்சலி இசையை வாசிக்கும் ஒருவருக்கு உதட்டு வலிமையும் சுரத்தைத் தயக்கமின்றித் தொடங்கும் உறுதியும் நன்கு வாய்த்திருக்கும். விரல்களின் வேகமும், அரைச்சுர இடைவெளிகளில் ஏறி இறங்கும் பழக்கமும் குறைவாக இருக்கக்கூடும். ஞானப்பாட்டு வாசித்தவருக்கு இழைந்து செல்லும் ஓசையும் மூச்சின் நிதானமும் உண்டெனினும், விரைவான டங்கிங், அதாவது நாவின் நுனியால் காற்றை வெட்டி ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே தொடங்கும் முறை, அவருக்கு அரிதாகவே தேவைப்பட்டிருக்கும். பேண்டு செட்டில் வளர்ந்தவரின் தாங்குதிறனும் செவிஞானமும், வால்வைப் பாதி அழுத்திச் சுரங்களை வழுக்கி இணைக்கும் நுட்பமும் எந்தக் கல்லூரியிலும் எளிதில் கிடைக்காதவை. ஆனால் தெருவின் இரைச்சலை மீறி வாசித்தே பழகிய அவருக்கு மென்மையாக வாசிக்கும் வாய்ப்பும், எழுதிய நோட்ஸைப் பார்த்து வாசிக்கும் வாய்ப்பும் குறைவு.

முதற்படியாக, கேட்பவர் யார், அவர் எதற்கு மதிப்பெண் அளிக்கிறார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சென்னையில் பலரும் எழுதும் டிரினிட்டி காலேஜ் லண்டன் கிரேடு தேர்வில் மூன்று உருப்படிகளுக்குத் தலா 22 மதிப்பெண்கள் உள்ளன. அவற்றுள் 7 சுரத் துல்லியத்திற்கும் தடையற்ற ஓட்டத்திற்கும், 7 கருவியைக் கையாளும் திறனுக்கும், 8 பொருளுணர்ந்து வெளிப்படுத்துவதற்கும் உரியவை. மூன்று உருப்படிகள் இருப்பதால் திறன்களை அவற்றிடையே பங்கிட்டுக்கொள்ளலாம். ஒன்று மெதுவானதாகவும், ஒன்று விரைவானதாகவும், மற்றொன்று தாளச் சிக்கல் உடையதாகவும் அமையலாம். இசைக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்விலோ கல்லூரிக் கலைவிழாவிலோ ஒரே உருப்படிக்கு மட்டும் நேரம் கிடைக்குமானால், எல்லாத் திறன்களும் அந்த ஐந்தாறு நிமிடங்களுக்குள்ளேயே வந்தாக வேண்டும். இந்நிலையில்தான் தேர்வு உண்மையில் கடினமாகிறது.

இரண்டாவதாக, வாசிப்பவர் தம் இருப்பைக் கணக்கெடுக்க வேண்டும். ஓசையின் தரம், கீழ்ச்சுரம் முதல் மேற்சுரம் வரையிலான எல்லை, டங்கிங், சுரங்களை வெட்டாமல் இணைக்கும் ஸ்லர், விரல் வேகம், உரத்தும் மெல்லவும் வாசிக்கும் வேறுபாடு, உதடு தளராமல் தாங்கும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பயிற்சியை வாசித்துக் கைப்பேசியில் பதிவுசெய்து, மறுநாள் கேட்பது போதுமானது. மேற்சுர எல்லையைப் பயிற்சியின் தொடக்கத்தில் அளக்கக் கூடாது. முக்கால் மணிநேரம் வாசித்துக் களைத்த பின் தவறாமல் வரும் சுரமே ஒருவரின் உண்மையான எல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கிவிட்ட அம்பத்தூர், முகப்பேர் போன்ற பகுதிகளில் அண்டை வீட்டாரை எண்ணிப் பிராக்டிஸ் மியூட் பொருத்தி வாசிப்போர் பலர். அந்த அடைப்பு காற்றுக்கு எதிர்ப்பைக் கூட்டுவதோடு சுருதியையும் சற்று மாற்றுவதால், இக்கணக்கெடுப்பை மட்டுமேனும் தேவாலயக் கூடத்திலோ பள்ளி அரங்கிலோ அடைப்பின்றிச் செய்வது அவசியம்.

மூன்றாவது படி உருப்படிகளை ஒப்பிடுவது. இதில் தேர்ந்த வாசிப்பாளர் முதலில் நோக்க வேண்டியது ஹைடன் 1796இல் இயற்றிய டிரம்பெட் கான்செர்டோ. கான்செர்டோ என்பது தனிக்கருவி ஒன்று முழு இசைக்குழுவோடு உரையாடும் நெடிய வடிவம். அக்காலத்து டிரம்பெட் பியூகிளைப் போலவே வால்வற்றதாக இருந்தது. வியன்னா கலைஞர் அன்டன் வைடிங்கர் துளைகளும் சாவிகளும் பொருத்திய புதிய கருவி ஒன்றை உருவாக்கியபோது, அதனால் என்னென்ன இயலும் என்று காட்டுவதற்காகவே ஹைடன் இதை எழுதினார். முதல் பகுதியின் தனியிசை, பழைய கருவியால் வாசிக்கவே முடியாத கீழ்ப்பகுதிச் சுரங்களில் படிப்படியாகத் தொடங்குகிறது. ஆகவே திறனை எல்லாப் பக்கமும் காட்டுவது இந்த இசையின் பிறப்பிலேயே அமைந்த நோக்கம். பியூகிளிலிருந்து வால்வுக்கு வந்த ஆவடி இளைஞருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இருப்பது ஐயமே. அப்பகுதியின் இறுதியில் கடென்சா, அதாவது பக்கவாத்தியம் நின்றுவிடத் தனிக்கலைஞர் தாமே விரித்து வாசிக்கும் இடம், வருவதால் கற்பனைக்கும் வழி உண்டு.

நேரம் குறைவெனில் பாரிஸ் கன்சர்வேட்டரியின் ஆண்டுப் போட்டிகளுக்கென எழுதப்பட்ட உருப்படிகள் மிகப் பயனுள்ளவை. ஒரு மாணவரைச் சில நிமிடங்களில் முழுமையாக எடைபோடுவதே அவற்றின் பணி. ஜார்ஜ் எனெஸ்கு 1906இல் எழுதிய லெஜாந்த் அவ்வகையில் சிறந்தது: மெதுவாகத் தொடங்கி, விரைவான ஓட்டங்களிலும் உரத்த உச்சங்களிலும் ஏறி, இறுதியில் மியூட் பொருத்திய மென்னொலியில் அடங்குகிறது. ஓசை நிதானம் இல்லாதவரை அந்த இறுதிப்பகுதி காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இது முதிர்ந்தவர்களுக்கே உரியது. இடைநிலையில் இருப்பவர்க்கு, மெதுவான முற்பகுதியும் துரிதமான பிற்பகுதியும் கொண்ட ரோபார்ட்ஸின் ஆந்தாந்தே, அலெக்ரோ போன்றவை நன்கு பொருந்தும். அலெக்சாண்டர் அருட்யூனியனின் 1950ஆம் ஆண்டு கான்செர்டோ, ஆர்மீனிய நாட்டுப்புற இசையின் சாயலோடு, தாளக் கட்டின்றி விரியும் முழக்கமான தொடக்கம், மியூட் பொருத்திய இடைப்பகுதி, கடென்சா என அனைத்தையும் ஒரே தொடரில் கொண்டுள்ளது. திரைப்பாடலின் உணர்ச்சி வீச்சில் வளர்ந்தவர்கள் இதனுள் எளிதில் நுழைந்துவிடுவர். ஆனால் தாங்குதிறன் குறைந்தவர் பாதியில் நின்றுவிடுவர்.

மிகப் புகழ்பெற்ற ஆர்பனின் வெனிஸ் திருவிழா வேறுபாடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. எளிய மெட்டொன்றை மேன்மேலும் விரைவாக அலங்கரிக்கும் இவ்வுருப்படி கேட்போரை உடனே கவரும். விரலையும் நாவையும் இதைப்போல் சோதிப்பது அரிது. எனினும் நீண்ட இழையோசைக்கும் ஆழ்ந்த உணர்வுக்கும் இதில் இடம் சிறிதே. கெடிக்கெயின் கச்சேரிப் பயிற்சியுருவும், த-க, த-க என நாவின் முன்பின் பகுதிகளை மாறிமாறி இயக்கும் இரட்டை டங்கிங்கையே முதன்மையாக நம்பியிருக்கிறது. இவை மெதுவான வேறோர் உருப்படியோடு இணைந்து வரும்போது ஒளிர்வன. தனித்து வரும்போது வாசிப்பவரின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுவன.

நான்காவதாக, தெரிந்தெடுத்த இரண்டு மூன்று உருப்படிகளின் நோட்ஸை மேற்கண்ட கணக்குத் தாளோடு வைத்துப் பார்க்க வேண்டும். மிக உயர்ந்த சுரம் எது என்பதைவிட அது எங்கே வருகிறது என்பதே முக்கியம். ஓய்வின்றி நாற்பது அளவைகள் வாசித்த பின் வரும் உச்சமும், பக்கவாத்தியத்தின் இடைவெளிக்குப் பின் வரும் அதே உச்சமும் உதட்டுக்கு ஒன்றல்ல. களைத்த நிலையில் தமக்கு எட்டும் எல்லைக்கு ஒரு முழுச்சுரமேனும் கீழே உச்சம் அமைந்த உருப்படியை எடுப்பவர், அன்றைய நாள் எப்படியிருப்பினும் தலைநிமிர்ந்து முடிக்கலாம். பக்கவாத்தியக்காரர் நேரம் கருதி இடையிசையைச் சுருக்கும்போது உதட்டின் ஓய்வும் சேர்ந்து வெட்டுப்படுகிறது என்பதால், எவ்வளவு சுருக்குவது என்பதை முன்கூட்டியே இருவரும் முடிவுசெய்து அவ்வாறே பழக வேண்டும்.

ஐந்தாவது படி பக்கவாத்தியத்தையும் சுருதியையும் பற்றியது. இங்குப் பெரும்பாலோர் வைத்திருப்பது பி-ஃப்ளாட் டிரம்பெட். அதற்கெழுதிய நோட்ஸில் சி என்றிருக்கும் சுரம் பியானோவின் பி-ஃப்ளாட்டாக ஒலிக்கும். ஹைடனின் கான்செர்டோ ஈ-ஃப்ளாட் டிரம்பெட்டுக்கும் பி-ஃப்ளாட் டிரம்பெட்டுக்கும் தனித்தனியே அச்சாவதால், வாங்கும்போதே தம் கருவிக்குரிய பிரதியைப் பார்த்து வாங்க வேண்டும். மேலும் வெப்பம் கூடினால் குழாயினுள் ஒலியின் வேகமும் சுருதியும் உயரும். மே மாதத்து மாடியறையில் ட்யூனிங் ஸ்லைடை, அதாவது குழாயின் நீளத்தை மாற்றும் இழுவைப் பகுதியை, வெளியே இழுத்துவைத்துப் பழகியவர் குளிரூட்டிய தேர்வறையில் அப்படியே வாசித்தால் பியானோவைவிடத் தாழ்ந்தே ஒலிப்பார். குளிர்ந்த அறையிலும் ஒருமுறை முழுவதும் வாசித்துப் பார்ப்பது இதற்குத் தீர்வு.

இறுதிப் படி ஒத்திகைத் தீர்ப்பு. மேடைக்குக் குறைந்தது எட்டு வாரங்களுக்கு முன் தெரிந்தெடுத்த உருப்படிகளைப் பழகத் தொடங்கி, நான்காம் வாரத்தின் முடிவில், பூந்தமல்லியிலிருந்து நகருக்குள் பேருந்தில் ஒரு மணிநேரத்திற்கும் மேலாகப் பயணம் செய்து இறங்கும் அன்றைய நிலையை மனத்தில் கொண்டு, சிறிதளவே உதட்டைச் சூடேற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் நிறுத்தாமல் ஒரே முறை வாசித்துப் பதிவுசெய்ய வேண்டும். அப்பதிவைக் கருவி வாசிக்காத ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் கேட்கட்டும். தவறான சுரங்கள் இருந்தும் இருவருக்கும் பிடித்த உருப்படியை வைத்துக்கொள்ளலாம். சுரங்கள் சரியாக இருந்தும் ஓசை இறுகிக் கேட்கும் உருப்படியை, அது எவ்வளவு பெருமை வாய்ந்ததாயினும், அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க வேண்டும். சுரத் தவறுகளை எஞ்சிய நான்கு வாரங்களில் திருத்த முடியும். இறுகிய ஓசை அவ்வளவு விரைவில் இளகுவதில்லை.