கட்டுரையில் புள்ளிவிபரம்: 2006 கிரிக்கெட் பருவத்தின் சாதனைகள்

க.பொ.த. (சாதாரண தரம்) – தமிழ் மொழி – கட்டுரைப் பயிற்சி



விளையாட்டைப் பற்றிக் கட்டுரைத் தலைப்பு வந்தால் உங்களில் பலர் கிரிக்கெட்டைத் தெரிவு செய்கிறீர்கள். ஓட்டங்களும் விக்கெட்டுகளும் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் அது கட்டுரையாகாது, ஓட்டப் பட்டியலாகிவிடும். ஓர் எண் தனியே நின்றால் வாசிப்பவருக்கு எதுவும் விளங்காது. அதன் பெறுமதியை விளக்குவது உங்கள் வேலை. 2006ஆம் ஆண்டு மே முதல் ஓகஸ்ட் வரை இலங்கை அணி ஆடிய போட்டிகளைக் கொண்டு இதனைப் பயில்வோம்.

1. ஒப்பிட்டுக் கூறுக

2006 யூலையில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட் போட்டி. இலங்கை 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டுகளை இழந்தபோது குமார் சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும் இணைந்தனர். மூன்றாம் விக்கெட்டுக்காக அவர்கள் பெற்றவை 624 ஓட்டங்கள். சங்கக்கார 287, ஜயவர்தன 374.

"624 ஓட்டங்கள் பெற்றனர்" என்று மட்டும் எழுதினால் அது தகவல். பின்வருமாறு எழுதினால் அது விளக்கம்:

• டெஸ்ட் போட்டிகளில் அதற்கு முன் இருந்த சாதனை 576. அதனையும் இலங்கையரே 1997இல் இந்தியாவுக்கு எதிராக ஏற்படுத்தினர் (ஜயசூரிய, மகாநாம).
• முதல்தரப் போட்டிகள் அனைத்தையும் சேர்த்தால் முந்திய சாதனை 577. இது 1947இல் பரோடா அணிக்காக விஜய் ஹசாரேயும் குல் முகமதுவும் பெற்றது.
• தென்னாபிரிக்கா அப்போட்டியில் பெற்றவை 169, 434. இரண்டையும் கூட்டினால் 603. ஆகவே ஓர் அணி முழுவதும் இருமுறை துடுப்பெடுத்தாடிப் பெற்றதை விட, இருவர் ஒரே இணைப்பாட்டத்தில் 21 ஓட்டங்கள் அதிகம் பெற்றனர்.

மூன்றாவது ஒப்பீட்டைக் கவனியுங்கள். கிரிக்கெட் தெரியாதவருக்கும் அது விளங்கும்.

2. சராசரியை மட்டும் நம்பாதீர்கள்

அத்தொடரின் இரண்டு போட்டிகளில் ஜயவர்தன பெற்ற ஓட்டங்கள்: 374, 13, 123. கூட்டுத்தொகை 510. மூன்று முறையும் ஆட்டமிழந்தார். எனவே சராசரி 170. ஆனால் அவர் ஒரு முறையேனும் 170 ஓட்டங்களுக்கு அண்மையில் நிற்கவில்லை. சிறியதிலிருந்து பெரியதாக எழுதினால் 13, 123, 374. நடுவில் நிற்கும் 123 இடையம் ஆகும். கணித பாடத்தில் இடை, இடையம் என இரண்டையும் ஏன் படிக்கிறீர்கள் என்பது இங்கே தெரியவரும்.

3. முடிவையும் சேர்த்து எழுதுக

374 பெரிதா, 123 பெரிதா? எண்ணால் 374. அப்போட்டியில் இலங்கை 5 விக்கெட் இழப்புக்கு 756 ஓட்டங்கள் பெற்று, ஓர் இனிங்ஸாலும் 153 ஓட்டங்களாலும் வென்றது. ஓகஸ்டில் பி. சரவணமுத்து மைதானத்தில் நடந்த அடுத்த போட்டியில் வெற்றி இலக்கு 352. அங்கே ஜயவர்தன 123 ஓட்டங்கள் பெற்றார். இலங்கை ஒரேயொரு விக்கெட்டால் வென்றது. அந்த 123 இல்லையேல் வெற்றியும் இல்லை. சிறிய எண் சிலவேளை அதிக பாரத்தைச் சுமக்கிறது.

4. ஊருக்குப் பொருத்திப் பார்க்க

இம்முறை கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. மயிலிட்டித் துறையிலிருந்து ஐந்து படகுகள் தொழிலுக்குப் போய் 10, 12, 11, 9, 58 கிலோ மீனுடன் திரும்பியதாக வைத்துக்கொள்வோம். சராசரி 20 கிலோ. ஆனால் நான்கு படகுகளுக்கு 12 கிலோவுக்கு மேல் கிடைக்கவில்லை. "படகுக்கு 20 கிலோ" என்று எழுதினால் அந்த நான்கு குடும்பங்களும் கட்டுரையில் காணாமற் போய்விடும். இடையமாகிய 11 அவர்களின் நிலையைச் சொல்லும்.

அவ்வாறே, 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்குத் துறைமுகப் பகுதி 2017இல் விடுவிக்கப்பட்டது. "27 ஆண்டுகள்" என்பது எண். "ஐந்து வயதில் வெளியேறிய பிள்ளை முப்பத்திரண்டு வயதில் அக்கரையை மீண்டும் கண்டது" என்பது விளக்கம்.

மாதிரிப் பந்தி

"2006இல் முத்தையா முரளிதரன் அடுத்தடுத்த நான்கு டெஸ்ட் போட்டிகளில் முறையே 10, 11, 10, 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரு போட்டியில் எதிரணியிடம் வீழ்த்தக்கூடிய விக்கெட்டுகள் 20. எனவே ஒவ்வொரு போட்டியிலும் பாதியையோ அதற்கு மேலோ அவர் ஒருவரே கைப்பற்றினார். இங்கிலாந்தில் ஆடிய முதல் போட்டியில் இலங்கை தோற்றது. அடுத்த மூன்றிலும் வென்றது. தோல்வியிலும் தன் கடமையை முழுமையாகச் செய்தவர் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. 2010இல் 800 விக்கெட்டுகளுடன் அவர் டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்."

பயிற்சி

1. 2006ஆம் ஆண்டில் முரளிதரன் 11 டெஸ்ட் போட்டிகளில் 90 விக்கெட்டுகள் பெற்றார். மேற்கூறிய நான்கு போட்டிகள் நீங்கலாக, ஏனையவற்றில் போட்டிக்குச் சராசரியாக எத்தனை?

2. "2006 யூலை 1இல் லீட்ஸ் மைதானத்தில் ஜயசூரிய 152, தரங்க 109 ஓட்டங்கள் பெற்றனர்." இவ்வாக்கியத்தை ஒப்பீட்டுடன் விரித்து எழுதுக. (குறிப்பு: ஆரம்ப இணைப்பாட்டம் 286, இலக்கு 322, இலங்கை 37.3 ஓவர்களில் வென்றது.)

விடைக் குறிப்பு

1. 90 – 43 = 47; 47 ÷ 7 = 6.7 (அண்ணளவாக).
2. 50 ஓவர்களில் 12.3 ஓவர்கள், அதாவது 75 பந்துகள் மீதமிருந்தன என்பதும், இலக்கில் 36 ஓட்டங்கள் தவிர ஏனைய அனைத்தும் முதல் விக்கெட்டுக்கே பெறப்பட்டன என்பதும் இடம்பெற வேண்டும்.

நினைவில் வைக்க: ஒரு பந்தியில் மூன்று எண்களுக்கு மேல் வேண்டுமா என ஒருமுறை யோசியுங்கள். எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் "எதனோடு ஒப்பிட?", "அதனால் என்ன நடந்தது?" என்னும் இரு வினாக்களுக்கும் விடை இருக்கட்டும்.